ராணியைத் தேடாதீர்கள், முட்டையைத் தேடுங்கள்

கொளத்தூர், பெரம்பூர் பக்கம் மொட்டை மாடியில் இந்தியத் தேனீ வளர்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ராணி கண்ணில் படவில்லை என்றதும் பதறிப்போய் புது ராணிக்கு அலையாதீர்கள். காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, வெளிச்சம் தோளுக்கு மேலாக தேனடையின் குட்டி அறைகளுக்குள் விழும்படி, அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தைச் சாய்த்துப் பாருங்கள். அறையின் அடியில் மெல்லிசாக, வெள்ளையாக ஒரே ஒரு முட்டை தெரிந்தால் போதும், முட்டை 3 நாளில் பொரிந்துவிடும் என்பதால் அதற்குள்தான் ராணி அங்கே வந்து போயிருக்கிறாள். ஒரே அறையில் இரண்டு மூன்று, அதுவும் சுவரில் ஒட்டியிருந்தால், பெரும்பாலும் வேலைக்காரத் தேனீ இட்டது, அதிலிருந்து ஆண் ஈ மட்டும்தான் வரும். நம் தேனீயில் ராணி போனால் இது சீக்கிரமே ஆரம்பித்துவிடும், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சரி, முட்டையே இல்லையா? அப்போதும் முடிவு கட்டாதீர்கள். உள்ளே இன்னும் இணை சேராத கன்னி ராணி இருக்கலாம், அவள் வெளியே போய் இணை சேர்ந்து வந்து முட்டையிட ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை ஈக்களை உதறிவிட்டு நடுவில் வையுங்கள். சில நாளில் அதில் ராணி அறை (புது ராணியை வளர்க்கும் பெரிய அறை) கட்டினால் ராணி இல்லை என்று அர்த்தம். கலைக்காமல் விடுங்கள், அவையே ஒன்றை வளர்த்துக்கொள்ளும். அப்புறம், அக்னி நட்சத்திரத்தில் நடுப்பகலில் மட்டும் திறக்கவே வேண்டாம், நம்ம வடசென்னை மாடிச் சூட்டில் அடை இளகிச் சட்டத்தை விட்டு விழுந்துவிடும்.