நாகர்கோவிலைத் தாண்டித்தான் கொழும்பு

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்கா நேர்க்கோட்டில் சுமார் 357 கிலோமீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து சென்னை 610க்கு மேல். களியக்காவிளை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கத்து ஆள்களுக்கு வானத்தில் கொழும்புதான் கிட்ட.

வரைபடத்தில் இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நூல் பிடித்துப் பாருங்கள். மார்த்தாண்டத்தை ஒட்டி, நாகர்கோவிலுக்குச் சற்று வடக்கே போய், கூடங்குளம் பக்கம் கடலைத் தொடும். நாகர்கோவில்காரர் எதிர்த்திசையில் 70 கிலோமீட்டர் போய், விமானம் ஏறி, தம் ஊர்ப்பக்கமாகவே திரும்புகிறார்! வீட்டிலிருந்து நேராக அளந்தால் கட்டுநாயக்கா 290 கிலோமீட்டர்தான்.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்றால் அரை மணி நேரம் போதுமே என்று தோன்றும். அட்டவணையிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். 35,000 அடியிலிருந்து சீராக இறங்கவே 190 கிலோமீட்டர் அளவுக்கு வேண்டும். ஏறுவதற்கும் கணிசமான தூரம் போய்விடும். ஆகவே இந்தத் தடத்தில் விமானம் முழு வேகத்தில் நிலையாகப் பறப்பது கொஞ்ச நேரமே. ஓடுபாதைவரை ஊர்ந்து போவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

உண்மையில் நாளைத் தின்பது சாலை. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியான பழைய சாலை காலையிலும் மாலையிலும் அடைத்துக்கொள்ளும். காரில் போனால் களியக்காவிளை தாண்டியதும் காரோட்டில் பைபாஸைப் பிடியுங்கள். கோவளம், திருவல்லம், ஈஞ்சக்கல் வழியாக நேரே சாக்கையில் கொண்டுவிடும். வெளிநாட்டு முனையம் சாக்கைப் பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம். நடுவில் ஓடுபாதை கிடப்பதால் மாறி இறங்கினால் சுற்றித்தான் வர வேண்டும். ஆட்டோவில் ஏறும்போதே "சாக்கை" என்று சொல்லிவிடுங்கள். ரயிலில் போகிறவர்களுக்கு, திருவனந்தபுரம் பேட்டை ஸ்டேஷனில் நிற்கும் வண்டி கிடைத்தால், சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூர் நெரிசல் மிச்சம்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒன்று: பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆறாட்டு, அதாவது சுவாமியை நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலம். சுவாமி ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போவார். அந்த இரண்டு நாளும் மாலையில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. நேரத்தை முன்கூட்டியே மாற்றிவிடுவார்கள். பழைய டிக்கெட்டில் உள்ள நேரத்தை நம்பிக் கிளம்பினால் முனையத்தில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். டிக்கெட் போடும் முன் ஆறாட்டுத் தேதியைப் பாருங்கள்.

செங்கோட்டை, தென்காசிக்காரர்களுக்கு மதுரையும் உண்டு. அங்கிருந்தும் கொழும்பு ஏறக்குறைய இதே 355 கிலோமீட்டர். பறக்கும் நேரத்தில் லாபநஷ்டம் இல்லை. எந்தச் சாலை சுலபமோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஆரியங்காவு மலைப்பாதை மழைக்காலத்தில் தாமதமாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். 2006 முதல் இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே. இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியை ஊரிலேயே எடுத்துவிடுங்கள். கட்டுநாயக்கா கொழும்பு நகருக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. 2013இல் திறந்த அதிவேகச் சாலையில் போனால் முக்கால் மணிக்குள் நகரம். நீர்கொழும்பு வீதியில் போனால் அதைவிட வெகுநேரம். கொழும்பு நகரின் கோட்டை (ஃபோர்ட்) பகுதிக்குப் போக 187ஆம் எண் பஸ் இருக்கிறது. ஏறும் முன் அது அதிவேகச் சாலை வழியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.