முகத்தைக் கடைசியில் பாருங்கள்

பழைய ராணுவப் பொருட்கள் சேகரிக்கிறேன் என்று சொன்னால், வீடெல்லாம் வாளும் துப்பாக்கியுமாக இருக்கும் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். என்னிடம் அதிகம் இருப்பவை புகைப்படங்கள். அதிலும் பெரும்பாலானவை முதல் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் சிப்பாய்களின் ஸ்டூடியோ படங்கள். பின்பக்கம் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது.

இப்படி ஒரு படம் வந்தால் நான் முகத்தைப் பார்ப்பதே கடைசியில்தான். லென்ஸ் முதலில் போவது சட்டைக் கைக்கு. இடது முன்கையில் செங்குத்தாக ஒரு சின்னக் கோடு தெரிந்தால், ஆள் போரில் காயம்பட்டவர். அந்தக் கோட்டை அணிய 1916 ஜூலையில்தான் அனுமதி வந்தது. எனவே படம் அதற்குப் பிந்தியது. வலது முன்கையில் கூரை வடிவில் குட்டிப் பட்டைகள் இருந்தால் இன்னும் பிந்தியது. அவை 1917 டிசம்பர் உத்தரவில் வந்தவை. கடல்கடந்த சேவையைக் குறிப்பவை. 1914 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவருக்கு முதல் பட்டை சிவப்பு, மற்றதெல்லாம் நீலம்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பேது நீலமேது என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் பரவலாகப் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பைக் கறுப்பாகக் காட்டும், நீலத்தை வெளிற வைக்கும். இருண்டு கிடக்கும் பட்டைதான் சிவப்பு. பழைய படங்களுக்குத் தானாக நிறம் ஏற்றும் செயலிகள் மேல் எனக்குள்ள கோபமும் இதனால்தான். அவை இதையெல்லாம் யோசிப்பதில்லை. குத்துமதிப்பாகப் பூசிவிடுகின்றன, பதக்க ரிப்பன்கள் உட்பட.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து டின்டைப் படங்களில், அதாவது மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த படங்களில், வேறொரு வில்லங்கம். தகட்டிலேயே நேரடியாகப் பதிவதால் இடம் வலமாகத் தெரியும். வாள் வலது இடுப்பில் தொங்கினால் ஆள் இடக்கையர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படம் சரியாகத் தெரியட்டும் என்று வாளையும் பெல்ட்டையும் மாற்றி மாட்டிக்கொண்டு உட்கார்ந்த கெட்டிக்காரர்களும் உண்டு! அவர்களைக் காட்டிக்கொடுப்பது பெல்ட் பக்கிள்தான். அதிலுள்ள எழுத்தை யாராலும் திருப்பிப் போட முடியாதே.

ஆயுதங்களில் எனக்கு ஆர்வம் குறைவு. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்கான பயனெட்டில் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) 1907 என்று பொறித்திருந்தால் அது செய்த வருடம் இல்லை, மாடலின் வருடம். மாதமும் வருடமுமாகச் சிறிதாக அடித்திருப்பதைத் தேடுங்கள். 1907 என்ற எண்ணைக் காட்டி விலையை ஏற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பதக்கங்களுக்கு வருவோம். முதல் உலகப்போருக்கான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். தேயத் தேயப் பெயர்தான் முதலில் போகும். அந்தப் பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த ஜெர்மன் குண்டு ராணுவ ஆவணக் கிடங்கை எரித்தது. முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் சேவைக் கோப்புகளில் பாதிக்கும் மேல் போயிற்று. தப்பியவை கருகியும் நனைந்தும் கிடைத்தன. ஆனால் பதக்கம் யாருக்கு வழங்கப்பட்டது என்ற அட்டைகள் பிழைத்துவிட்டன, லண்டனில் கியூ என்ற பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் வழியாகப் பார்க்கலாம். பல சிப்பாய்களுக்கு மிஞ்சிய ஒரே தடம் அந்த அட்டைதான்.

ஆகவே ஒரே குடும்பத்திலிருந்து படமும் பதக்கமும் சேர்ந்து வந்தால் தயவுசெய்து பிரித்து விற்காதீர்கள். பிரித்தால் கூடுதல் காசு கிடைக்கும், தெரியும். பிரித்த அன்றே அந்தப் படம் பெயர் தெரியாத படமாகிவிடும். பெயர் தெரிந்தால் படத்தை வைக்கும் அட்டைப் பெட்டியின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். படத்தின் பின்னால் பேனாவால் வேண்டாம், மை முன்பக்கம் வரை ஊறும்.