தோண்டாமல் விட்டால் போதுமா?

இங்கிலாந்தின் வடக்கே, ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கில் விண்டோலாண்டா என்று ஒரு ரோமானிய எல்லைக் கோட்டை இருக்கிறது. அங்கே மண்ணுக்குள் இருந்து வந்ததில் எனக்குப் பிடித்தது செருப்புகள்தான். 5,000-க்கும் மேல், தோல் கெடாமல்! 1973-இல் மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்களும் கிடைக்க ஆரம்பித்தன. அதில் ஒன்று, ஒரு தளபதியின் மனைவி இன்னொரு தளபதியின் மனைவியைத் தன் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவது, கி.பி. 100 வாக்கில்.

எப்படி மக்காமல் இருந்தது? பழைய கோட்டையை இடித்து, அதன்மேல் களிமண்ணைப் பரப்பி அடுத்த கோட்டையைக் கட்டினார்கள், கீழே ஈரம் நின்றது, காற்று புகவில்லை. கிணற்றடியில் நெல்லிக்கட்டை போடுகிற டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்ணீருக்குள் இருக்கிறவரை கட்டை அப்படியே கிடக்கும், கிணறு வறண்டால்தான் போச்சு.

அந்தப் பயம் இப்போது பக்கத்திலுள்ள மேக்னா கோட்டையில். சட்டப் பாதுகாப்பு உள்ள இடம், அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர்கூடக் கொண்டுபோக முடியாது. ஆனால் வெயில் யாரிடம் அனுமதி கேட்கும்? அடியிலுள்ள சதுப்பு காய்ந்து சுருங்குகிறது. அதனால் மண்ணுக்குள் கருவி இறக்கி ஈரத்தைக் கண்காணிக்கிறார்கள், 2023-இல் தோண்டவும் தொடங்கினார்கள். 2025-இல் அங்கே 32.6 செ.மீ. நீளச் செருப்பு ஒன்று வந்தது (நம்மூர்க் கடையில் அந்த சைஸ் கிடைக்காது).

சரி, நம் பக்கம் வருவோம். பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் 1960-களில் தொல்லியல் துறை செங்கல் படகுத்துறையைத் தோண்டியபோது, படகைக் கட்டி நிறுத்தும் மரத்தூண்களும் இருந்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட மரம்! பூம்புகார் முழுவதையும் தோண்ட வேண்டும் என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை, ஏனென்றால் ஈரத்தில் கிடந்த மரத்தை எடுத்து வெளியே வைத்தால் காய்ந்து முறுக்கி வெடித்துவிடும், அதை மாதக்கணக்கில் ரசாயனத்தில் ஊறவைத்துக் காப்பாற்ற ஆய்வகம் முதலில் வேண்டும். அதுவரை மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும்.

ஆனால் சும்மா விடுவதும் பாதுகாப்பு ஆகாது. மத்தியத் தொல்லியல் துறையின் இடங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று சட்டம் பக்கவாட்டில் அளக்கிறது. சேதமோ கீழே இருந்தும் வரும், நிலத்தடி நீர் இறங்கினால் மண்ணுக்குள் இருக்கிற மரமும் காயும். மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால் குறுவைக்கு போர்வெல் ஓடத்தான் செய்யும், விவசாயியை நிறுத்தச் சொல்ல நான் யார். அந்த இடங்களில் ஒரு குழாயை இறக்கி, மாதாமாதம் நீர்மட்டத்தையும் உப்பையும் குறித்து ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.