மஞ்சள் தாள்

"அழுத்தி எழுது தம்பி. வெள்ளை எப்படியும் தெரியும். மஞ்சளை நினைச்சு எழுது."

மேசையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணன் முதல் நாளே சொன்னது இது. கூடைப்பந்து ஸ்கோர் ஷீட் நான்கு தாள் கொண்ட அடுக்கு. மேலே வெள்ளை, அது உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவுக்கு. அடுத்தது நீலம், போட்டி நடத்துபவர்களுக்கு. மூன்றாவது இளஞ்சிவப்பு, ஜெயித்த அணிக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள், தோற்ற அணிக்கு. மேல் தாளில் எழுதினால் கீழே தானாகப் படியும்தான். ஆனால் நான்காவது தாளுக்குப் போய்ச் சேரும்போது மைக்குப் பாதி உயிர்தான் இருக்கும். தோற்றவனுக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும் என்று நினைத்து யாராவது இந்த வரிசையைப் போட்டார்களா, தெரியவில்லை.

பகலில் நான் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கல்லூரியில் ஆடிய ஆட்டம் முழங்காலோடு முடிந்துபோனதால், தேர்வு எழுதி டேபிள் அஃபிஷியல் ஆனேன். ஸ்கோரர், உதவி ஸ்கோரர், டைமர், ஷாட் கிளாக் என்று நான்கு வேலை. ஆட்டத்துக்கு ஆட்டம் மாறி மாறி உட்காருவோம். பேட்டா கிடைக்கும், அல்சூரிலிருந்து போய்வர, மதியம் சாப்பிட, மீதி ஏதோ. லீவு கேட்கும்போதெல்லாம் மேலாளர், "ஃபிஃபாவா?" என்பார். "இல்லை சார், ஃபிபா. கூடைப்பந்து" என்பேன். அவர் முகத்தில் இருந்த மரியாதை பாதியாக இறங்கும்.

2015 ஜூலையில் தெற்காசியத் தகுதிப் போட்டி பெங்களூருக்கு வந்தது. சாபா என்போம். அன்றைக்கு ஆசியா முழுவதும் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள். மேற்கு ஆசியாவுக்கு ஒன்று, வளைகுடாவுக்கு ஒன்று, கிழக்கு, தென்கிழக்கு, மத்திய ஆசியா, தெற்காசியா. ஒவ்வொரு பகுதியும் தனக்குள் ஆடி, தனக்குக் கிடைத்த இடங்களுக்கு ஆள் அனுப்பவேண்டும். தெற்காசியாவுக்கு ஒரே இடம். ஜெயிக்கிற ஒருவர் அந்த ஆண்டு சீனாவின் சாங்ஷாவில் நடக்கும் ஆசியப் போட்டிக்குப் போகலாம். மற்றவர்களுக்கு டாட்டா.

யார் போவார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை என்பதுதான் விஷயம். அதற்கு முந்தைய ஆண்டு வூஹானில் இந்தியா சீனாவையே 65-58 என்று தோற்கடித்திருந்தது. ஜூன் மாதக் கடைசியில் நம் சத்னாம் சிங்கை அமெரிக்க என்பிஏ அணியான டல்லாஸ் மேவரிக்ஸ், புது ஆட்டக்காரர் தேர்வில் 52ஆவது ஆளாக எடுத்திருந்தது. பத்திரிகைக்காரர் யாராவது எட்டிப்பார்த்தால் அவரைப் பற்றித்தான் கேட்டார்கள். பக்கத்து நாடுகளிலிருந்து வந்து இறங்கிய பையன்களைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

கண்டீரவா உள்ளரங்கு கப்பன் பூங்காவை ஒட்டினாற்போல் இருக்கிறது. அப்போது எம்.ஜி. ரோடு வரைதான் மெட்ரோ. அங்கே இறங்கி, பூங்காவுக்குள் புகுந்து நடந்து போவேன். ஜூலைத் தூறல். மரத்தடியெல்லாம் வழுக்கும். அரங்கில் பாதிக்கு மேல் காலி நாற்காலிகள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பேருந்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு நாட்டுக் கீதமும் ஒலிக்கும். காலி அரங்கில் ஒரு சிறிய அணியின் பையன்கள் பன்னிரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, ஒலிபெருக்கியையும் மீறிப் பாடியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எந்த நாடு என்று சொல்லப் போவதில்லை. பின்னால் சொல்லப்போவது என் தவறு, அதில் அவர்கள் பெயர் எதற்கு.

முதல் நாள் எனக்கு ஷாட் கிளாக். பந்து கையில் வந்த அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். அந்த எண்ணை ஓட்டுவது, நிறுத்துவது, திரும்ப வைப்பது என் வேலை. பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும் ஒரு பெட்டி, அதில் சில பொத்தான்கள். டேபிளில் அதுதான் கஷ்டமான நாற்காலி என்பேன். ஸ்கோரர் தப்பு செய்தால் பக்கத்தில் இருப்பவர் பிடித்துவிடுவார். ஷாட் கிளாக் தப்பு போனால் அரங்கம் முழுக்கக் கூடைக்கு மேலே சிவப்பு எழுத்தில் தெரியும். 2014 அக்டோபரிலிருந்து ஒரு விதி மாறியிருந்தது. எறிந்த பந்து வளையத்தில் பட்டு, எறிந்த அணியே அதைத் திரும்ப எடுத்தால், முன்பு மாதிரி முழு 24 கிடையாது, 14தான். விதி மண்டையில் இருந்தது. விரலில் பத்து வருஷத்துப் பழக்கம் இருந்தது.

இந்தியாவும் அந்தச் சிறிய அணியும் ஆடிய ஆட்டம், மூன்றாவது குவார்ட்டர். வித்தியாசம் ஐம்பதைத் தாண்டிவிட்டது. இந்திய வீரர் எறிந்தார், வளையத்தில் பட்டுத் தெறித்தது, இன்னொரு இந்தியர் எகிறிப் பிடித்தார். என் கட்டைவிரல் 24ஐ அழுத்தியது. அழுத்தியதும் எனக்கே தெரிந்துவிட்டது. ரெஃப்ரி கவனிக்கவில்லை. மேசையை மேற்பார்க்கும் கமிஷனர் ஏதோ தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் போய்க்கொண்டே இருந்தது, இந்தியா இன்னும் இரண்டு புள்ளி போட்டது.

அடுத்து விசில் ஊதி ஆட்டம் நின்றபோது தோற்றுக்கொண்டிருந்த அணியின் கோச் நேராக மேசைக்கு வந்தார். கத்தவில்லை. என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார், பிறகு நான்கு விரல்களை. அவ்வளவுதான். திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். கமிஷனர் என் பக்கம் குனிந்து, "பதினான்கு" என்று மெதுவாகச் சொன்னார். காது சூடாகிப்போனது எனக்கு.

இடைவேளையில் ஒன் பை டூ காபி குடிக்கும்போது அண்ணனிடம் புலம்பினேன். "ஐம்பது பாயிண்ட் பின்னாடி இருக்கிறவருக்குப் பத்து செகண்டில் என்ன வந்துடப் போகுது அண்ணா?"

அண்ணன் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். 2001இல் சுரங்கத்தை மூடியபின் குடும்பத்தோடு பெங்களூர் வந்தவர்கள். கண்ணாடிக்கு நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. "அந்த ஆளு மேட்ச் பூரா ஒரு தடவைதான் டேபிளுக்கு வந்தாரு, பாத்தியா?" என்றார். காபியை முடித்துவிட்டு எழுந்து போனார்.

பெரிய அணி ஏன் இப்படி ஈவு இரக்கமில்லாமல் புள்ளி குவிக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். கூடைப்பந்தில் பாதியில் ஆட்டத்தை நிறுத்தி, போதும் போ என்று அனுப்பும் வழி இல்லை. நான்கு பத்து நிமிடமும் ஆடியே ஆகவேண்டும். அணிகள் சமமாக முடிந்தால் புள்ளி வித்தியாசம் பேசும். அதைவிட முக்கியமாக, இந்திய பெஞ்சில் இருந்த பையன்களுக்கும் சாங்ஷாவுக்குப் போகும் பன்னிரண்டு பேரில் இடம் வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது இந்த ஆட்டங்கள்தான். அவர்களிடம் போய்ச் சற்றே மெதுவாக ஆடு என்று யார் சொல்வது? சாங்ஷாவில் இந்தியா எட்டாவதாக வந்தது. 1975இல் நான்காவதாக வந்தவர்கள் நாம் என்பதை இப்போது எங்கள் வட்டத்தில் அண்ணன் வயதுக்காரர்கள்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

அந்த முறையே இப்போது இல்லை. 2017இல் பெயர் ஆசியக் கோப்பை ஆகிவிட்டது, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உள்ளே வந்தாயிற்று, அதற்குப் பிறகு தகுதிச் சுற்று வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. 24 நாடுகள், ஆறு பிரிவு. பிரிவில் உள்ள ஒவ்வொரு எதிராளியோடும் சொந்த ஊரில் ஓர் ஆட்டம், அவர்கள் ஊரில் ஓர் ஆட்டம். பிரிவில் முதல் இரண்டு பேர் நேராகப் போவார்கள். மூன்றாவதாக வந்த ஆறு பேர் மீதி நான்கு இடத்துக்கு மோதவேண்டும். 2025 கோப்பைக்கு இந்தியா அந்தக் கடைசி வழியில்தான் நுழைந்தது. 2024 நவம்பரில் சென்னை நேரு உள்ளரங்கில் கஜகஸ்தானை 88-69 என்று அடித்ததை நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன், மேசையில் உட்காரவேண்டிய கவலை இல்லாமல், நிம்மதியாகக் கத்திக்கொண்டு. புது முறை நல்ல முறை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஈரானோடும் கத்தாரோடும் திரும்பத் திரும்ப ஆடினால்தான் நம் ஆட்டம் தேறும். ஆனால் பக்கத்து நாட்டுப் பையன்கள் இதில் இல்லை. அவர்கள் இதற்கும் முந்தைய ஒரு சுற்றில் தங்களுக்குள் ஆடிக்கொள்கிறார்கள். இந்தியாவின் பெரிய ஆட்டக்காரர்களை எதிர்த்து நிற்க, அடி வாங்கவாவது, அவர்களுக்கு இருந்த வாசல் மூடிவிட்டது. இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால், "அதனால நமக்கென்ன?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

கண்டீரவாவில் நல்ல நாளும் பார்த்திருக்கிறேன். 2017 ஜூலையில் பெண்கள் ஆசியக் கோப்பை. பி பிரிவின் இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்று மேல் பிரிவுக்குப் போனது. எனக்கு அன்று வேலை இல்லை, ரிசர்வ். மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சென்னையின் அனிதா பால்துரை அந்த அணியில் இருந்தார். ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடியவர், பின்னாளில் பத்மஸ்ரீ. கேலரியில் ஒரு மூலையிலிருந்து "அனிதாக்கா, விடாதீங்க!" என்று ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது. அல்சூர்ப் பக்கமோ ஸ்ரீராமபுரமோ. கடைசி விசில் அடித்ததும் எனக்குப் பக்கத்தில் தரை துடைக்கும் பையன் துடைப்பானைத் தூக்கிக் காற்றில் சுழற்றினான்.

ஆனால் தகுதிப் போட்டி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது அது இல்லை. 2015இன் இரண்டாவது நாள்.

அன்று ஸ்கோரர் நான்தான். அண்ணன் உதவி. முந்தின நாள் ஆடிய அதே சிறிய அணி, இன்று எதிரில் வேறோர் அணி. அன்றும் ஒருபக்க ஆட்டம்தான், அன்றும் அடி வாங்கியவர்கள் அவர்களே. முதல், மூன்றாம் குவார்ட்டருக்குச் சிவப்புப் பேனா, இரண்டுக்கும் நான்குக்கும் நீலம். கூடை விழுந்தால் அந்த எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, பக்கத்தில் ஆட்டக்காரர் எண். மூன்று புள்ளி என்றால் ஆட்டக்காரர் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃப்ரீ த்ரோ விழுந்தால் கருப்பாக ஒரு பொட்டு. ஒரு தாளில் 160 வரை இடம் இருக்கிறது. ஜெயிக்கிற அணியின் வரிசை கீழே கீழே இறங்கிக்கொண்டே போக, விரல் மரத்துப்போனது. நான்காவது குவார்ட்டரில் கோடு கிழிக்கிறேனா தடவுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரு பையன் உள்ளே வந்தான். இருபது வயதுகூட இருக்காது. சட்டை ஒரு சைஸ் பெரிது. ஆட்டக்காரர் முதன்முதலாக உள்ளே வரும்போது அவர் பெயருக்கு எதிரே ஒரு சின்னப் பெருக்கல் குறி போடவேண்டும். தொடக்கத்தில் ஆடிய ஐவருக்குத்தான் அதைச் சுற்றி வட்டம். போட்டேன். அவன் இரண்டு ஃப்ரீ த்ரோ எறிந்தான். முதலாவது வளையத்தில் மோதி வெளியே போனது. இரண்டாவது விழுந்தது. ஒரு பொட்டு வைத்தேன். அவர்கள் பெஞ்ச் முழுக்க எழுந்து நின்றது, ஏதோ கோப்பையையே தூக்கிவிட்டதைப் போல. நான் அடுத்த கோட்டுக்குப் போய்விட்டேன்.

ஆட்டம் முடிந்து ரெஃப்ரி கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு தாளில் யாரும் பேனா வைக்கக்கூடாது. வெள்ளையையும் நீலத்தையும் கமிஷனர் எடுத்துக்கொண்டார், இளஞ்சிவப்பு ஜெயித்தவர்களிடம் போனது. மஞ்சளை வாங்க அவர்கள் மேலாளர் வந்தார், அந்தப் பையனைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு. முதல் சர்வதேசப் போட்டி, அவன் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் என்றார் இந்தியில். பையன் ஏற்கெனவே போனைக் கையில் எடுத்து வைத்திருந்தான்.

பெயர் இருந்தது. அது ஆட்டத்துக்கு முன்பே, புதுக் கையால் அழுத்தி எழுதியது. பெருக்கல் குறி இருந்த இடத்தில் ஏதோ கீறல் மாதிரி ஒன்று. பொட்டு வைத்த இடத்தில், அச்சடித்த எண்ணுக்கு மேல், ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். பையன் தாளை வாங்கி, கூரை விளக்குக்கு நேராக உயர்த்தி, இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான். ஒரு கோணத்தில் பேனா அழுத்திய பள்ளம் மட்டும் லேசாக மின்னியது. "இதோ" என்றான், சிரித்துக்கொண்டே. மேலாளர் அந்தக் கோணத்திலேயே தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் மூன்று நான்கு படம் எடுத்தான். எனக்கு நன்றி வேறு சொன்னான்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஆட்டத்துக்கான அடுக்கை என் முன்னால் வைத்தார். பையிலிருந்து புதுப் பேனா ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, அதன்மேல் வைத்தார்.