முதல் மீன் தொட்டி: காசை எதில் போடுவது?

ஆறாவது பிறந்தநாளுக்கு மீன் வேண்டும் என்றாள் மகள். பக்கத்துக் கடையில் வட்டமான கண்ணாடிக் கிண்ணம், இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு டப்பா தீனி எல்லாம் சேர்த்து 450 ரூபாய் என்றார்கள், மலிவாக இருக்கிறதே என்று வாங்கி வந்துவிட்டேன். நாலாம் நாள் காலையில் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவள் ஸ்கூல் விட்டு வருவதற்குள் ஒன்று போய்விட்டது, ராத்திரி இன்னொன்று. அழுததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், "நான் நிறைய சாப்பாடு போட்டுட்டேனாப்பா?" என்று கேட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாகவும், அப்புறம் அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கிண்ணத்தில் ஃபில்டரே கிடையாது, தண்ணீரும் நாலு லிட்டர்தான். கோல்டு ஃபிஷ்ஷோ நன்றாக வளர்ந்தால் அரை அடியைத் தாண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போனோம். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான், தெருவுக்குத் தெரு தொட்டிக் கடை. கையில் 1500 ரூபாய். ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரத்தில் சாதாரணக் கண்ணாடித் தொட்டி, ஏறக்குறைய 40 லிட்டர் பிடிக்கும். ஒரு ஏர் மோட்டார், அது டியூப் வழியாக அனுப்பும் காற்றில் ஓடுகிற ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், கொஞ்சம் பாசி. அவ்வளவுதான். கலர் கல், பிளாஸ்டிக் கோட்டை, லைட் எதுவும் வாங்கவில்லை, சென்னை வெயிலுக்கு ஹீட்டரும் வேண்டாம். கையில் இருக்கிற காசைத் தொட்டியின் அளவில் போடுங்கள், தண்ணீர் அதிகமாக இருந்தால் அழுக்கு சேர்ந்தாலும் விஷம் சட்டென்று ஏறாது.

தண்ணீர் மட்டுமே 40 கிலோ கனம் என்பதால் ஆடாத இரும்பு மேசையில் தெர்மாகோல் போட்டு வைத்தேன். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டுங்கள், கீழே இருந்தால் கரண்ட் போகும்போது டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கி மோட்டாருக்குள் போய்விடும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பக்கெட்டில் திறந்து வைத்து, குளோரின் போன பிறகுதான் ஊற்றினேன்.

கஷ்டமான பகுதி காத்திருப்பதுதான். ஐந்து வாரம் மீன் இல்லாமலே ஃபில்டர் ஓடியது. அந்த பாக்டீரியாவுக்கும் சாப்பாடு வேண்டும் என்று சொல்லி, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனி போடும் வேலையை அவளிடமே கொடுத்தேன். வெறும் தொட்டிக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தூள் மெதுவாக இறங்குவதைக் கண்ணாடியில் மூக்கு பதியப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அதன் பிறகுதான் கப்பி என்கிற சின்ன மீன் ஐந்து வாங்கினோம். இப்போது மூன்று மாதம் ஆகிறது, ஐந்தும் நன்றாக இருக்கின்றன. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறோம். ஸ்பாஞ்சை அலசுவது தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில்தான், குழாயில் காட்டினால் குளோரினில் அந்த பாக்டீரியா செத்துவிடும். நேற்று காலை பாசிக்குள் கண்ணும் வாலுமாகக் குட்டிகள். பதினொன்று எண்ணினாள். பெரிய மீன்கள் தின்றுவிடும் என்று கேள்விப்பட்டதும் இன்னும் கொஞ்சம் பாசி வாங்கச் சொல்லி, தீனியை விரலால் நுணுக்கி நுணுக்கி அந்த மூலையில் மட்டும் தூவிக்கொண்டிருக்கிறாள்.