காசோலையில் யார் பெயர்? ஃபிஸ்கல் ஸ்பான்சரின் கீழ் எங்கள் முதல் ஆண்டு

எங்கள் திட்டத்துக்கு வந்த முதல் பெரிய நன்கொடை ஆறு வாரங்கள் கைக்கு எட்டாமலே இருந்தது. ஒரு குடும்ப அறக்கட்டளை அனுப்பிய 5,000 டாலர் காசோலையில் பெறுபவராக எங்கள் திட்டத்தின் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் இல்லை, சட்டப்படி அப்படியோர் அமைப்பும் இல்லை. காசோலை, எங்களுக்காக நன்கொடை பெற்றுக் கணக்கு வைக்கும் வரிவிலக்குப் பெற்ற அமைப்பான ஃபிஸ்கல் ஸ்பான்சரின் பெயரில் இருக்க வேண்டும், எங்கள் பெயர் குறிப்பு வரியில் வர வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாக எழுதாமல் விட்டது என் தவறு. அதைத் திருப்பி அனுப்பி, அவர்களுடைய அடுத்த குழுக் கூட்டம் வரை காத்திருந்து, புதிய காசோலை வாங்க வேண்டியதாயிற்று.

நாங்கள் மூவர். வீடுகளில் பயனின்றிக் கிடக்கும் சக்கர நாற்காலிகளைப் பெற்று, பழுது பார்த்து, காப்பீடு இல்லாதவர்களுக்கும், காப்பீட்டு ஒப்புதலுக்காக நெடுநாள் காத்திருப்பவர்களுக்கும் கொடுக்கிறோம். அமெரிக்காவில் நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் அறநிறுவனத் தகுதியான 501(சி)(3)-ஐத் தனியாகவே பெறலாமா என்றுதான் முதலில் யோசித்தோம். அதற்கு வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.-இடம் கொடுக்கும் விண்ணப்பப் படிவம் 1023-க்குக் கட்டணம் 600 டாலர், சுருக்கப் படிவமான 1023-ஈஇசட்டுக்கு 275 டாலர். எங்களைத் தடுத்தது அந்தக் கட்டணம் அல்ல. மாநிலத்தில் பதிவு, இயக்குநர் குழு, துணைவிதிகள், ஆண்டுதோறும் ஐ.ஆர்.எஸ்.-க்கு அனுப்பும் 990 வரிசை அறிக்கைப் படிவம் ஆகிய அனைத்தையும், இரண்டு ஆண்டுகள் நிலைக்குமா என்றே தெரியாத ஒரு முயற்சிக்காகச் சுமக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

அதனால் ஒரு ஸ்பான்சரின் கீழ் சேர முடிவு செய்தோம். எங்கள் முன் இரண்டு முறைகள் இருந்தன. மாடல் சி முறையில் நீங்கள் தனி அமைப்பாகவே இருப்பீர்கள். ஸ்பான்சர் தான் பெற்ற நன்கொடையை உங்களுக்கு மானியமாகத் தரும், பொறுப்புகள் உங்களிடமே இருக்கும். மாடல் ஏ முறையில் திட்டமே ஸ்பான்சரின் ஒரு பகுதியாகிவிடும். நாங்கள் கொடுத்த நாற்காலியிலிருந்து ஒருவர் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்ற கவலை மூவருக்கும் இருந்ததால், ஸ்பான்சரின் பொறுப்புக் காப்பீடு எங்கள் பணிக்கும் பொருந்தும் என்பதை எழுத்தில் உறுதி செய்துகொண்டு மாடல் ஏ-யைத் தேர்ந்தெடுத்தோம். விண்ணப்பமும் நேர்காணலும் சிக்கலின்றி முடிந்தன.

பெரிய தவறு அதன் பிறகுதான் நேர்ந்தது. உங்களை ஏற்றுக்கொள்கிறோம் என்ற மின்னஞ்சல் வந்த நாளுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தான நாளுக்கும் இடையில் மூன்று வாரங்கள் இருந்தன. அந்த இடைவெளியில் ஆர்வ மிகுதியால் 11 பேரிடம் 1,840 டாலர் திரட்டி, எங்களில் ஒருவருடைய சொந்தக் கணக்கில் போட்டு, வரிக்கழிவு உண்டு என்று நன்றிக் கடிதமும் அனுப்பிவிட்டோம். தனி மனிதர் கணக்குக்குப் போன பணத்துக்கு வரிக்கழிவு கிடையாது என்றும், 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களுக்குத் தேவைப்படும் எழுத்துப்பூர்வச் சான்றை ஸ்பான்சர் மட்டுமே தர முடியும் என்றும் அங்குள்ள அலுவலர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பதினோரு பேரையும் தொலைபேசியில் அழைத்து, மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஒன்பது பேர் ஸ்பான்சர் வழியாக மீண்டும் கொடுத்தார்கள். மற்ற இருவரையும் மறுபடி கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தத்தில் இரு தரப்புக் கையெழுத்தும் விழும்வரை ஒரு டாலர்கூட வாங்காதீர்கள்.

அடுத்த இழப்பு ஒரு சொல்லால் வந்தது. ஒரு மானிய விண்ணப்பத்தில் ஸ்பான்சரை ‘ஃபிஸ்கல் ஏஜென்ட்’ என்று எழுதியிருந்தேன். பேச்சு வழக்கில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஏஜென்ட் என்பவர் நாம் சொன்னபடி செய்பவர். ஸ்பான்சரோ, பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்பதில் முழு அதிகாரமும் கட்டுப்பாடும் தன்னிடம் வைத்திருக்க வேண்டியவர். அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் வெறும் வழித்தடமாக இருந்தால், நன்கொடை நேரடியாக எங்களுக்கே தரப்பட்டதாகக் கருதப்பட்டு வரிக்கழிவு போய்விடும். விண்ணப்பம் விளக்கம் கேட்டுத் திரும்பி வருவதற்குள் அந்தச் சுற்றின் கடைசி நாள் கடந்துவிட்டது.

அந்தக் கட்டுப்பாட்டை அன்றாடம் உணர்ந்தது செலவுக் கணக்கில்தான். நாற்காலியின் முன்சக்கரத்தைக் கழற்றினால் அச்சைச் சுற்றி முடியும் நூலும் கயிறுபோல் இறுகியிருக்கும். அதை வெட்டி எடுத்த பிறகு பேரிங் துருப்பிடித்திருப்பது தெரியும். அப்படி வாங்கிய பேரிங்குகளுக்கான ரசீதுகள் காரின் வெயிலில் எழுத்து மங்கிப்போய், கணக்குப் பிரிவு மூன்று முறை திருப்பி அனுப்பியது. மூன்றாவது முறை எனக்குக் கோபமே வந்தது. இருந்தாலும், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். இப்போது கடை வாசலிலேயே ரசீதைப் படமெடுத்து, எந்த நாற்காலிக்கு என்ற எண்ணையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். அதன் பிறகு ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

ஸ்பான்சர் பிடித்துக்கொள்ளும் கட்டணம் பொதுவாக 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். எங்களுக்கு 10. அது செலவின்மீது அல்ல, உள்ளே வரும் ஒவ்வொரு தொகையின்மீதும் பிடிக்கப்படுகிறது என்பதைத் திட்டச் செலவு மதிப்பீட்டில் சேர்க்க மறந்ததால், அந்த 5,000 டாலர் எங்கள் பணிக்கு 4,500 டாலராகவே வந்து சேர்ந்தது. இதைத் தனி வரியாகவே எழுதிவிடுங்கள். அறக்கட்டளைகள் அதை எதிர்பார்க்கின்றன.

ஸ்பான்சரின் 990 படிவங்களை ஐ.ஆர்.எஸ். தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். கையெழுத்திடுவதற்கு முன் சில ஆண்டுகளுக்கான படிவங்களையாவது படித்துவிட்டு, திட்டங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பணம் தனியாகக் கணக்கு வைக்கப்படுகிறதா என்று கேளுங்கள். ஸ்பான்சர் நொடித்துப்போனால் திட்டங்களின் பணமும் சேர்ந்தே போகக்கூடும்.

நாங்கள் கேட்காமல் விட்டது வெளியேறும் விதி. நாளை நாங்களே தகுதி பெற்று விலகினால், மீதிப் பணமும், கருவிகளும், பழுது பார்த்து வைத்திருக்கும் நாற்காலிகளும், திட்டத்தின் பெயரும் எங்களுடன் வருமா என்பது எங்கள் ஒப்பந்தத்தில் முதலில் இல்லை. மாடல் ஏ-யில் அவை அனைத்தும் ஸ்பான்சருக்கே சொந்தம். விலகும்போதும் எங்கள் கைக்கு வராது, இன்னொரு 501(சி)(3) அமைப்புக்குத்தான் மாற்ற முடியும். எங்கள் வேண்டுகோளை ஏற்று, அப்படி மாற்றித் தருவதாக ஒரு திருத்தத்தைப் போன மாதம் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு பத்தி வந்து சேர நான்கு மாதங்களும் இரண்டு குழுக் கூட்டங்களும் ஆயின.