பக்கத்து மாநிலத்தில் பாலிசி விற்க: பரீட்சை இல்லை, பெயர்தான் சோதனை

நியூஜெர்சியின் எடிசனில் இருந்தபோது, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டான என்னிடம் டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு) எடுத்த ஒரு குடும்பம், பென்சில்வேனியாவில் எக்ஸ்டன் பக்கம் வீடு வாங்கிப் போனது. வீட்டுக் கடன் தலையில் ஏறியதும் அந்தத் தம்பி கூப்பிட்டார். "அக்கா, இன்னொரு டெர்ம் போட்டுடலாமா?" நானும் யோசிக்காமல் "தாராளமா" என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது, என் கையில் இருப்பது நியூஜெர்சி லைசென்ஸ். டெலவேர் ஆற்றைத் தாண்டினால் அது வெறும் காகிதம்.

உடனே பென்சில்வேனியா சட்டப் பாடம் வாங்கி இரண்டு வாரம் உருப்போட்டேன். சுத்த வீண். சொந்த மாநில லைசென்ஸ் நடப்பில் இருந்தால், அதே பிரிவில் விற்பதற்கு அங்கே பரீட்சையும் கிடையாது, வகுப்பும் கிடையாது. நான்-ரெசிடென்ட் லைசென்ஸுக்கு, அதாவது வெளிமாநிலத்தவருக்கான லைசென்ஸுக்கு, விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் ஆயிற்று. லைஃப் மட்டும் வைத்திருப்பவருக்கு லைஃப் மட்டும்தான் கிடைக்கும். ஹெல்த்தும் வேண்டுமென்றால் முதலில் சொந்த மாநிலத்தில் அதை எழுதித் தேற வேண்டும்.

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் மாநிலங்களின் பிடியில் இருக்கிறது. 1945-இன் மெக்கரன்-ஃபெர்குசன் சட்டம் அதை உறுதி செய்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாகப் பரீட்சை எழுதி ஏஜென்ட்டுகள் அல்லாடினார்கள். 1999-இல் வந்த கிராம்-லீச்-பிளைலி சட்டம், பெரும்பான்மை மாநிலங்கள் மூன்று ஆண்டுக்குள் ஒன்றின் லைசென்ஸை மற்றொன்று ஏற்காவிட்டால் லைசென்ஸ் விஷயத்துக்கென்று ஒரு தேசிய அமைப்பே வரும் என்று மிரட்டியது. அதிகாரம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் மாநிலங்கள் வழிக்கு வந்தன.

ஆகவே படிக்க வேண்டியதெல்லாம் சொந்த மாநிலத்தில்தான். நியூஜெர்சியில் ஒரு பிரிவுக்கு 20 மணி நேர வகுப்பு. பரீட்சையில் 70 எடுத்தால் தேர்வு. கணக்கு இருக்குமோ என்று பயந்து போனேன். என்னை வழுக்கியது வார்த்தைதான். நான்கு விடையில் மூன்று சரியாக இருக்கும், கேள்வி கேட்பது "எது பொருந்தாது" என்று. அந்த "எது பொருந்தாது"வைப் பார்க்காமல் முதல் சரியான விடையைத் தட்டிவிட்டால் போச்சு. மாதிரித் தேர்வுகளில் நான் விட்டதில் பாதி இப்படிப் போனதுதான்.

அடுத்த சிக்கல் இரட்டைப் பிள்ளைகள் மாதிரியான சொற்கள். பொய் சொல்லி ஒருவரின் பாலிசியைக் கைவிட வைத்து வேறு கம்பெனி பாலிசிக்கு மாற்றினால் ட்விஸ்டிங். அதே கம்பெனிக்குள்ளேயே மாற்ற வைத்தால் சர்னிங். இன்சூரபிள் இன்ட்ரஸ்ட் என்றால், அந்த ஆளையோ பொருளையோ இழந்தால் நமக்கு நஷ்டம் என்ற தொடர்பு. ஆயுள் காப்பீட்டில் அது விண்ணப்பிக்கும்போது இருந்தால் போதும். சொத்துக் காப்பீட்டிலோ நஷ்டம் நடக்கும்போது இருக்க வேண்டும். இவற்றை எதிரெதிராக ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன். ரிபேட்டிங் மட்டும் எனக்குப் படிக்காமலே புரிந்தது. ஊரில் ஏஜென்ட் மாமா முதல் தவணையைத் தன் கமிஷனிலிருந்து கட்டிவிடுவாரே, அதேதான். அங்கேயும் 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, மாமாக்கள் கேட்டால்தானே!

இத்தனை படித்தும் முதல் முறை பரீட்சை அறைக்குள் நுழைய முடியவில்லை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. விசாவில் என் பெயர் சர்நேமாகிவிட்டது, முதல் பெயருக்கு எஃப்என்யூ என்று போட்டார்கள், 'முதல் பெயர் தெரியாது' என்று அர்த்தம். டிரைவர் லைசென்ஸிலும் அதுவே. நானோ பரீட்சைக்குப் பதியும்போது அழகாக என் பெயரையும் கணவர் பெயரையும் சேர்த்துக் கொடுத்திருந்தேன். வாசலில் அந்தப் பெண் அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "இது நீங்கள் இல்லையே" என்றார். கட்டணம் போனது போனதுதான். இனிஷியல் வைத்திருப்பவர்கள், அப்பா பெயரைச் சர்நேம் ஆக்கியவர்கள், எல்லாரும் அடையாள அட்டையில் உள்ளதை எழுத்து மாறாமல் போடுங்கள், அசிங்கமாக இருந்தாலும்.

இந்தப் பெயர் பக்கத்து மாநிலத்துக்கும் கூடவே வரும். விண்ணப்பம் என்ஐபிஆர் என்ற தேசியப் பதிவேட்டின் வழியாகப் போகிறது. எல்லா மாநிலத்துக்கும் உங்களுக்கு ஒரே என்பிஎன், அதாவது தேசிய ஏஜென்ட் எண். சொந்த மாநிலப் பதிவில் பெயரோ முகவரியோ பழையதாக இருந்தால் முதலில் அங்கே திருத்துங்கள். பழைய வழக்கு, நடவடிக்கை பற்றிய கேள்விகளுக்குச் சொந்த மாநிலத்தில் சொன்ன பதிலையே சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள்.

லைசென்ஸ் வந்ததும் ஓடிப்போய் விற்கக் கூடாது. கம்பெனி உங்களைப் பென்சில்வேனியாவுக்கும் நியமிக்க வேண்டும், அதாவது அப்பாயின்ட்மென்ட். படிவமும் அந்த மாநிலத்துக்கு உரியதாக இருக்க வேண்டும், கையெழுத்தும் அங்கே இருக்கும்போதே வாங்க வேண்டும். விற்ற நேரத்தில் அங்கே லைசென்ஸ் இல்லையென்றால் கம்பெனி கமிஷன் தர முடியாது.

வேரை வாட விடாதீர்கள். நியூஜெர்சியில் இரண்டு வருடத்துக்கு 24 மணி நேரத் தொடர்கல்வி, அதில் 3 மணி நேரம் எதிக்ஸ் (தொழில் நெறி). அதை முடித்தால் பொதுவாகப் பக்கத்து மாநிலமும் ஏற்றுக்கொள்ளும். அதை விட்டு நியூஜெர்சி லைசென்ஸ் காலாவதியானால் பென்சில்வேனியாவும் சேர்ந்து போய்விடும். நீங்களே குடிமாறினால் 90 நாளுக்குள் புது மாநிலத்தில் ரெசிடென்ட் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். அதைத் தாண்டினால் பரீட்சை மறுபடி காத்திருக்கும்.

நியூயார்க்கையும் சேர்க்க நினைப்பவர்களுக்கு: பல கம்பெனிகள் அந்த மாநிலத்துக்கென்றே தனிக் கம்பெனி வைத்திருக்கின்றன. அதனால் திட்டங்களே வேறு, எல்லாம் கைக்கு வராது.

எச்-1பி-யில் இருப்பவர்கள் இதைப் பக்க வருமானமாகத் தொடாதீர்கள். ஸ்பான்சர் செய்த வேலையைத் தவிர மற்றதற்கு அனுமதி இல்லை. நான் எச்-4 இஏடி, அதாவது துணைவர் விசாவில் வேலை செய்வதற்கான அனுமதி, கிடைத்த பிறகே ஆரம்பித்தேன். கோடைப் பிக்னிக்கில் "பார்ட் டைம்தானே, சும்மா சேருங்க" என்று பிடிப்பவர்கள் இதை வாயே திறக்க மாட்டார்கள்.

எக்ஸ்டன் தம்பிக்குப் பதினெட்டு நாள் கழித்து நானே கூப்பிட்டேன். "முதல்ல ஒண்ணு சொல்லுங்க, இப்போ எங்க இருக்கீங்க?"

"எடிசன் கோயில்ல அக்கா, பிரசாதம் வரிசையில."

"அப்போ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுங்க" என்றேன். கையில் இருந்தது பென்சில்வேனியா படிவம்.